மின்மினி மரம் இருண்ட மாலை

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வலிக்கும் அவளுடைய நகம் என் தோலுக்குள் இறங்கியது. சம்பான் படகின் அடியில் தண்ணீர் சளக் சளக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அதுவரை சீராகக் கேட்டுவந்த துடுப்புச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது.

மலாய்க்காரப் படகோட்டி பாக் மான் பின்னால் நின்றபடி துடுப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதிலிருந்து நீர் சொட்டியது. அவர் முன்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"மரம் எங்கே?" என்றார்.

அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது. கீழே கறுப்புத் தண்ணீர், மேலே கறுப்பு மேகம், நடுவில் புகை. அந்தப் புகைக்குள் எங்கேயோ ஒரு மரம் மின்னிக்கொண்டிருக்க வேண்டும். அது தெரிந்தால்தான் ஓடையை விட்டு ஆற்றுக்குள் போக முடியும். ஆற்றில் போனால்தான் கிள்ளான் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அக்கா.

"ஏன் நிக்கிறீங்க? போங்க பாக்!" என்றார் வேலு அத்தான். அக்காவின் புருஷன்.

பாக் மான் அசையவில்லை.

நான் பயந்ததும் பயப்படாததும்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த பிறவி. மழை பெய்தால் கூரை இருக்குமா என்று பயம். பெய்யாவிட்டால் கிணறு வற்றுமே என்று பயம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பயம்தான் காரணம். வாத்தியார் பிரம்புக்கு இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருந்த பாலத்துக்கு. அது என்றைக்காவது விழும் என்று நம்பினேன். இன்றுவரை அது விழவில்லை என்று கேள்வி.

அப்போது எனக்கு இருபது வயதுக்குள் இருக்கும். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி. மலாய் நாட்டில், கிள்ளானுக்குக் கீழே, ஆற்றோடு சேரும் ஓர் ஓடையின் கரையில் எங்கள் ரப்பர் தோட்டம். ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் எனக்கு வேலை. சட்டை, தலைமுடி, சோறு எல்லாவற்றிலும் புகை வாசம்தான். அக்கா அஞ்சலை பால்மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தாள். அத்தான் வடிகால் வெட்டும் கூட்டத்தில் இருந்தார்.

தோட்டத்திலிருந்து கிள்ளானுக்குப் போக ஒரு செம்மண் பாதை உண்டு. மழைக்காலத்தில் மாட்டு வண்டி அச்சுவரை இறங்கிவிடும். அதனால் மழை என்றால் எல்லாருக்கும் பாக் மானின் சம்பான்தான். ஓடை வாய் வரைக்கும் சுலபம். வாயில்தான் வினை. வலது பக்கம் சேற்றுத் திட்டு. இடது பக்கம், எந்தக் காலத்திலோ மீன் பிடிக்க நட்டுவிட்டு மறந்துபோன கம்புகள். நீர் ஏறும்போது கம்புகள் மூழ்கிவிடும். தெரியாமல் மோதினால் படகின் அடி கிழியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சம்பான் போகிற அகலத்துக்குத்தான் ஆழம்.

பகலில் எந்தப் பிள்ளையும் ஓட்டிவிடும். இருட்டினால் அந்த மரம்தான் கதி.

ஒரே மூச்சில் எரியும் மரம்

அதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஓடை வாயில், தண்ணீருக்கு மேலே சாய்ந்த ஒரு பெரம்பாங் மரம். பொழுது சாய்ந்ததும் அதன் இலைகளில் மின்மினிகள் வந்து உட்காரும். நம் வேலியோரம் தனித்தனியாக அலைகிற மின்மினி இல்லை இது. அரிசி அளவுதான் பூச்சி. முதலில் ஆளுக்கொரு பக்கமாகக் கண் சிமிட்டும். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கிளையோடு சேரும். பிறகு மரம் முழுக்க ஒரே நேரத்தில் எரியும், ஒரே நேரத்தில் அணையும். மரமே மூச்சு விடுவது போலிருக்கும்.

பாக் மான் அந்தப் பூச்சியை கெலிப் கெலிப் என்பார். எல்லா மரத்திலும் அது உட்காராது. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்தில், அதுவும் இந்த ஒரு ஜாதி மரத்தில்தான் என்பார். எங்கள் ஓடையில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. படகின் மூக்கை அந்த மரத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, அதன் இலை முகத்தில் உரசுகிறவரை போய், பிறகு வலது பக்கம் திரும்பினால் ஆறு. அவருடைய அப்பாவும் அப்படித்தான் ஓட்டினாராம்.

இந்த இடத்தில் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் ஒருமுறை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ரயில்வேயில் நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். அந்தப் பக்கம் செங்கல் சூளை, இந்தப் பக்கம் என்ஜின் கொட்டகை. சித்தி வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கொடியில் போடுவாள். எடுக்கும்போது அதில் மிளகு தூவினதுபோல் கரிப்பொட்டு இருக்கும். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா தேடுற?" என்றார் சித்தப்பா.

"மின்மினி ஒண்ணுகூட இல்லையே."

"ஏன் இல்ல? அந்தா பாரு, பறக்குது." என்ஜின் புகைபோக்கியிலிருந்து நெருப்புப் பொறி பறந்து அணைந்தது. "எங்க ஊரு மின்மினி இதுதான். கிட்டப் போனா சட்டையில ஓட்ட போடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரே புகையாக இருந்தால் அந்தப் பூச்சிக்கு அங்கே இடமில்லை என்பதை அன்றைக்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தது மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். இப்போது அதே பிரிக்பீல்ட்ஸில்தான் குடியிருக்கிறேன்.

புகை நல்லது

ஓடை வாய்க்குக் கொஞ்சம் கடல் பக்கமாக ஒரு கரிச்சூளை வந்தது. பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தை வெட்டி அடுக்கி, களிமண் குவிமாடத்துக்குள் நாள்கணக்கில் புழுங்கவிட்டுக் கரியாக்கும் சூளை. முதலாளி கிள்ளானில் இருந்தார். சூளையைக் காவல் காத்தவன் ஆ லோக் என்ற சீனன். மெலிந்த ஆள், எப்போதும் ஒரு கண்ணைச் சுருக்கியே இருப்பான். சூளையின் அடியில் சுற்றிலும் புகை போக ஓட்டைகள். அவன் ஆற்றுப் பக்கத்து ஓட்டைகளைத் திறந்துவைப்பான். புகை ஆற்றின் மேல் போய்விடும்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நாங்கள் விடவில்லை.

எங்கள் ஆட்களுக்குப் புகை என்றால் மருந்து. பிள்ளையைக் குளிப்பாட்டினால் சாம்பிராணிப் புகை. சளி பிடித்தால் நொச்சிப் புகை. கண்ணேறு பட்டால் மிளகாய்ப் புகை. சாயங்காலமானால் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் ஈரத் தேங்காய் மட்டையைக் கொளுத்தி கொசுவுக்குப் புகை. பாதிப் பிழைப்பே ரப்பருக்குப் புகை போடுவதில்தான். புகையில்லாத வீட்டில் காய்ச்சல் வரும் என்பது லயத்தில் எழுதாத சட்டம்.

அக்கா முதலில் உண்டானபோது குளிர்காய்ச்சல் வந்து கலைந்துபோயிற்று. கொய்னா மாத்திரை விழுங்கி விழுங்கி அவள் காது இரைந்தது. ஆளைத்தான் காப்பாற்ற முடிந்தது. இரண்டாவது முறை உண்டானதும் அத்தான் கொசு ஒன்றைப் பார்த்தால் விரோதியைப் பார்த்ததுபோல் ஆகிவிடுவார். மட்டைப் புகை போதாதென்று அவருக்குப் பட்டது. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போனார். கையில் ஒரு டின் முறுக்கு.

பேசினதெல்லாம் பாசார் மலாய், சந்தைப் பேச்சு. நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"இவ்வளவு நல்ல புகைய ஆத்துல வீணா விடுறியே" என்றார் அத்தான். "எங்க பக்கம் தெறந்து விடு."

ஆ லோக் முறுக்கைக் கடித்தான். "புகை கேட்டு வந்த மொத ஆளு நீதான். மத்த எடத்துல கல்லெறிவாங்க."

"எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. கொசு கடிக்குது."

"உங்க ஆளுங்க இரும மாட்டாங்களா?"

"எங்க மச்சான் புகைக் கொட்டாயிலதான் சோறே திங்கிறான். அவன் இருமுறானா பாரு."

நான் அப்போது இருமிக்கொண்டுதான் இருந்தேன். ஆ லோக் சிரித்துவிட்டான். அடுத்த நாளிலிருந்து ஆற்றுப் பக்கத்து ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்துவிட்டு ஓடைப் பக்கத்து ஓட்டைகளைத் திறந்தான். சாயங்காலக் கடல் காற்று புகையைத் தாழ்வாகத் தள்ளிக்கொண்டு வந்தது. ஓடை, மரங்கள், லயம் என்று எல்லாவற்றின் மேலும் அது படுத்துக்கொண்டது.

லயத்தில் அத்தானுக்குப் பெரிய பேர். கொசு குறைந்தது உண்மை. எனக்கும் ஒரு பயம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. சூளைப் பொறி பறந்து அத்தாப்பு ஓலைக் கூரையில் விழுமோ என்றுதான் பயந்தேன். தலைமாட்டில் ஒரு வாளித் தண்ணீரோடு தூங்கினேன்.

பாக் மான்தான் ஒருநாள் சொன்னார். "மரத்துல பூச்சி கொறஞ்சிருக்கு. இலையத் தொட்டா கையில கரி ஒட்டுது. அடியில சேத்துல நத்தை நெறைய இருக்கும், இப்ப வெறும் ஓடாக் கெடக்கு. ஏன்னு எனக்குத் தெரியல."

"கொசு செத்தா பூச்சியும் ரெண்டு சாகும் பாக்" என்றார் அத்தான். "ஆளு பொழைக்கணுமா, பூச்சி பொழைக்கணுமா?"

பாக் மான் தோளை மட்டும் குலுக்கினார். பிறகு மழைக்காலம் வந்தது. இருட்டினபின் யாரும் ஓடை வாய்ப் பக்கம் போகவில்லை. மரம் மின்னுகிறதா என்று யாரும் பார்க்கவுமில்லை.

குறுக்கே கிடந்த பிள்ளை

அக்காவுக்கு மதியம் வலி எடுத்தது. லயத்து மருத்துவச்சி செல்லம்மா அக்கா உள்ளே போனாள். நான் வெளியே நின்று வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தேன். பொழுது இறங்குகிற நேரத்தில் அவள் வெளியே வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்து முடிக்கவில்லை.

"புள்ள குறுக்கக் கெடக்கு. என் கைக்கு வராது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"நாளைக்கு விடியட்டுமே..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"விடியிற வரைக்கும் அவ இருக்கணும்ல?"

செம்மண் பாதை கஞ்சியாகக் கிடந்தது. பாக் மானை ஓடிப் போய்க் கூப்பிட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "கடல் ஏத்தம் இன்னும் கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள வாயத் தாண்டிட்டா ஆறே நம்மளக் கிள்ளானுக்குத் தூக்கிட்டுப் போயிடும். எறங்க ஆரம்பிச்சா திட்டுல ஒக்காந்துடுவோம். அப்புறம் காலையிலதான்."

அக்காவைப் பாயோடு தூக்கிச் சம்பானில் படுக்கவைத்தோம். செல்லம்மா அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அத்தான் முன்னால். நான் நடுவில், என் மணிக்கட்டு அக்காவின் கையில்.

அப்படித்தான் அந்தப் புகைக்குள் வந்து நின்றோம்.

புகை விலகியபோது

"மரம் பொகைக்குள்ள இருக்கு" என்றார் அத்தான். "அவ்வளவுதான். பொகை நின்னா தெரிஞ்சிடும்." சூளைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஆ லோக்! அடை! எல்லாத்தையும் அடை!"

புகைக்குள்ளிருந்து ஆ லோக்கின் குரல் வந்தது. "தக் போலே லா! முடியாது! இப்ப அடைச்சா கரியும் இல்ல, கட்டையும் இல்ல. முதலாளி என்னத் தொலைச்சிடுவான்!"

அத்தான் தண்ணீரில் குதித்தார். இடுப்பளவு சேறு கலங்கியது. கரையோரம் பாக்காவ் வேரைப் பிடித்துப் பிடித்து அவர் போகிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பேரும் கத்திக்கொள்கிற சத்தம். என்ன சொன்னார் என்று தெரியாது. "பொண்டாட்டி" என்ற வார்த்தையை மலாயில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் கேட்டது. அப்புறம் ஈரக் களிமண்ணைச் சப்பு சப்பென்று அடிக்கிற சத்தம். முதலில் ஒரு கை அடித்தது. பிறகு நான்கு கையும் அடித்தன.

"தம்பி" என்றாள் அக்கா. அதுதான் வழியில் அவள் பேசின முதல் வார்த்தை. "மரம் தெரியுதா?"

"இப்பத் தெரியும்க்கா. பொகை அடங்குது."

அடங்கத்தான் செய்தது. கண் எரிச்சல் குறைந்தது. முகத்தில் கடல் காற்று நேராகப் பட்டது. தவளைச் சத்தம்கூடத் துலக்கமாகக் கேட்டது. புகை ஓடையை விட்டு உள்ளே ஒதுங்கிப் போனது. நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தோம்.

கரை நெடுகிலும் மரங்கள். எல்லாம் ஒரே கறுப்பு. ஒன்றில்கூட ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

பாக் மான் ரொம்ப நேரம் பார்த்தார். "மறைஞ்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "இல்ல. போயிடுச்சு."

நான் என் வாழ்க்கையில் எதெதற்கோ பயந்திருக்கிறேன். அப்படியொரு இருட்டுக்கு மட்டும் பயந்து பழகியிருக்கவில்லை. ஒரு பூச்சி இல்லாமல் போனதால் என் அக்கா சாகப் போகிறாள் என்று எந்தப் பயந்தாங்கொள்ளிதான் முன்கூட்டி யோசிப்பான்?

"தண்ணி நின்னுடுச்சு" என்றாள் செல்லம்மா அக்கா, பக்கவாட்டில் கையை விட்டுப் பார்த்து. "ஏத்தம் முடிஞ்சிடுச்சுய்யா. எதாவது பண்ணுங்க."

பாக் மான் நீளக் கழியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார். ஏதோ ஒரு கம்பு டொக்கென்று இடித்தது. உடனே படகைப் பின்னால் தள்ளினார்.

அப்போது சூளைப் பக்கம் ஒரு நெருப்பு நகர்ந்தது.

சூளை வாயிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை உருவிக்கொண்டு அத்தான் கரையோரமாக வந்துகொண்டிருந்தார். வேரில் தடுக்கி விழுந்தார், நெருப்பு தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சாய்ந்த மரம் வெளிச்சத்தில் தெரிந்தது. கரி படிந்த இலைகள். அதன் தாழ்ந்த கிளையை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில், மற்றக் கையில் கட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார்.

"நான்தான் மரம்!" என்று கத்தினார். "என்னப் பாத்து வாங்க!"

பாக் மான் மூக்கை அந்த நெருப்புக்கு நேராக வைத்தார். துடுப்பு விழ ஆரம்பித்தது. இடது பக்கம் ஏதோ ஒன்று படகை நீளமாக உரசியது. உரசல் விட்டது. நெருப்பு பெரிதாகி வந்தது. கட்டை குட்டையாகிக்கொண்டிருந்தது. அதைக் கை மாற்ற அவருக்கு வழியில்லை, மாற்றினால் கிளையை விடவேண்டும்.

கரி இலைகள் என் முகத்தில் உரசின. அத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

"ஏறுங்கத்தான்!" என்றேன்.

"நிறுத்தினா திட்டுக்கு இழுத்துடும்" என்றார் பாக் மான்.

"போங்க! நிக்காதீங்க! அஞ்சல, போ!"

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். என் மணிக்கட்டை விட்டுவிட்டு அவர் பக்கம் கையை நீட்டினாள். எட்டவில்லை. படகு வலது பக்கம் திரும்பி ஆற்றுக்குள் விழுந்தது. பின்னால் சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, நெருப்பு தண்ணீரில் விழுந்த சத்தம்.

அதற்கப்புறம்

ஏற்றம் முடிந்துவிட்டதால் ஆறு எங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பாக் மானும் நானும் மாறி மாறித் துடுப்புப் போட்டோம். ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அழுதது. அக்கா பிழைத்தாள்.

மறுநாள் அத்தான் அந்தக் கஞ்சிப் பாதையிலேயே நடந்து கிள்ளானுக்கு வந்தார். வலது கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. செல்லம்மா அக்கா குழந்தையை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கத் தெரியாமல் நின்றார். "மரத்தையே தூக்கிப் பிடிச்சீரு, இதப் பிடிக்கத் தெரியலையாக்கும்" என்றாள் அவள்.

ஆ லோக் அந்தச் சூளைக் கரிக்காக முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். வேலை போகவில்லை. ஓடைப் பக்கத்து ஓட்டைகளை அவனே மூடிவிட்டு மறுபடி ஆற்றுப் பக்கம் திறந்தான். லயத்துக்குக் கொசு திரும்பி வந்தது. மின்மினி வரவில்லை.

அத்தானுக்குக் கை ஆறினதும் ஒரு காரியம் செய்தார். சாயங்காலம் வேலை முடிந்து ஓடை வாய்க்குப் போய் அந்த மரத்தில் ஒரு லாந்தர் விளக்கைக் கட்டினார். தினமும். மழையானாலும். படகுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். வருஷம் ஒன்று போனது. மழை இலைக் கரியைக் கழுவி, மரம் பச்சையாக நின்றது. சேற்றில் நத்தை மறுபடி ஊர்ந்தது. பூச்சி மட்டும் இல்லை.

ஒருநாள் பாக் மான் லயத்துக்கே வந்தார். "வேலு, அந்த வெளக்க எடுத்துடு."

"ஏன்?"

"கெலிப் கெலிப் ஒண்ண ஒண்ணு பாத்துத்தான் சேரும். நீ வெளக்க வச்சா அது யாரப் பாக்கும்? வெளக்கு எரியிற மரத்துக்கு அது வராது."

"எடுத்துட்டு, நாளைக்கு யாராவது வலியோட வந்தா?"

விளக்கு இருந்தால் பூச்சி வராது. பூச்சி வரட்டும் என்று இருட்டாக விட்டால், அந்த இருட்டில் வருகிறவர்களின் பாடு? நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பயந்தேன்.

அக்காதான் அத்தானிடம் பேசினாள். இடுப்பில் பிள்ளை அவளுடைய தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"பாக் படகுல ஒரு வெளக்கு கெடக்கட்டும். வலின்னு யாராவது வந்தா நீங்க முன்னால ஓடிப்போய்க் கட்டுங்க. மத்த நாளு மரத்த அதும்பாட்டுக்கு விடுங்க. நம்ம வீட்டுக்குள்ள வந்து யாராவது புகையப் போட்டு, அப்புறம் ராவெல்லாம் வெளக்கப் புடிச்சுக்கிட்டு நின்னா நாமளுந்தான் திரும்பி வருவோமா?"

அன்று சாயங்காலம் அக்கா, அத்தான், பிள்ளை, நான் என்று நான்கு பேரும் ஓடை வாய்க்குப் போனோம். அத்தான் விளக்கை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கரையில் உட்கார்ந்தோம். இருட்டியது. ஒன்றுமில்லை. மறுநாளும் போனோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அக்கா சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டே வருவாள்.

எத்தனையாவது மாதம் என்று நினைவில்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம். அந்த மரத்தில் இல்லை, அதற்கு அடுத்து நின்ற ஒரு கன்றில், தண்ணீரோரம், ஒரு பொட்டு வெளிச்சம் வந்து அணைந்தது. நிரம்ப நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது.

"கெலிப் கெலிப்பா?" என்று கிசுகிசுத்தாள் அக்கா.

எனக்கு நம்பப் பயம். "அத்தான் பீடி வெளிச்சந்தான் தண்ணியில அடிக்குதோ என்னமோ" என்றேன்.

அத்தான் வாயிலிருந்த பீடியை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.